ரோஹிங்யா அகதிகளும் உலகின் உதவிக்கரமும்: ஒரு மதிப்பீடு

நாம் பணியாற்றும் அரபிக் கல்லூரியில் ஸகாத் பாடம் பெரும்பாலும் ஷஃபான் விடுமுறைக்கு முந்தைய வாரங்களில்தான் வந்து சேரும். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலில், ஏழைக்கும் வறியவருக்கும் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற மஸ்அலாவை நடத்திக்கொண்டிருந்தபோது, இறுதியாண்டு மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், காக்ஸ் பஜார் முகாம்களில் இருக்கும் ரோஹிங்யா மக்களுக்கு உலகம் கொடுத்துவருவது இந்தக் கணக்கில் சேருமா?" என்று கேட்டார். அன்று நாம் சொன்ன பதில் நமக்கே நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலின் மீதம்.

மஸ்அலா இதுதான். ஏழைக்கு ஓராண்டுத் தேவைக்குப் போதுமான அளவு கொடுக்க வேண்டும் என்பது, மின்ஹாஜின் மூலநூலை எழுதிய இமாம் ராஃபிஈ (ரஹ்) அவர்களின் கூற்று. இமாம் நவவி அங்கே குறுக்கிட்டுத் திருத்துகிறார். சராசரி ஆயுட்காலம் முழுமைக்கும் போதுமான அளவு கொடுப்பதே மிகச் சரியான சொல் என்றும், அதைக்கொண்டு வருமானம் தரும் சொத்தொன்றை அவர் வாங்கிக்கொள்ளலாம் என்றும் எழுதுகிறார். தொழில் தெரிந்தவருக்குக் கருவி, வணிகம் தெரிந்தவருக்கு முதல். 'அல்மஜ்மூஃ' நூலில் இன்னும் விரிவாகப் பேசும்போது, கீரை விற்பவருக்கு ஐந்து அல்லது பத்துத் திர்ஹம், மாணிக்க வியாபாரிக்குப் பத்தாயிரம் திர்ஹம் என்று ஆளுக்கு ஏற்ற கணக்கே தருகிறார். ஓர் ஏழைக்குப் பத்தாயிரம் திர்ஹமா என்று முதன்முறை படிக்கும் மாணவர்கள் புருவத்தை உயர்த்துவது வழக்கம். ஃபுகஹாக்களின் நோக்கு தெளிவானது. வாங்குபவர் அடுத்த ஆண்டு மீண்டும் வாசலில் வந்து நிற்கவேண்டிய நிலையை ஒழிப்பதே கொடையின் அளவு.

ஸகாத்தின் அளவுகோலைப் பிறநாட்டு அரசுகளின் நன்கொடைக்குப் பொருத்துவது முறையா என்று கேட்கலாம். சட்டத் தீர்ப்பாக நாம் அதைப் பொருத்தவில்லை. அகதிகள் தம் சொந்தக் காலில் நிற்கும் திறனை வளர்ப்பதே குறிக்கோள் என்று 2018இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட அகதிகள் குறித்த உலகளாவிய உடன்பாடும் எழுதிவைத்திருக்கிறது. ஆகவே இது அவர்களே ஒப்புக்கொண்ட அளவுகோல். ஆனால் ஆண்டுதோறும் வெளியாகும் மதிப்பீடுகளைப் படித்துப் பாருங்கள். எவ்வளவு கேட்டோம், எவ்வளவு வந்தது, எத்தனை பேருக்குப் பங்கிட்டோம் என்ற மூன்று கேள்விகளையே அவை சுற்றிவருகின்றன. பங்கிட்டதன் முடிவில் வாங்கியவரின் நிலை என்னவாயிற்று என்ற நான்காவது கேள்வி முன்னுரையிலோ முடிவுரையிலோ ஒரு வரியாக ஒதுங்கிக் கிடக்கிறது.

குறைகூறும் முன் நன்றி கூற வேண்டியதைக் கூறிவிடுவோம். 2017 ஆகஸ்ட் 25க்குப் பின்னர் மியான்மர் இராணுவத்தின் கொடுமைக்குத் தப்பி, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சில மாதங்களுக்குள் நாஃப் ஆற்றைக் கடந்து வந்தனர். முதல் நாட்களில் அவர்களை எதிர்கொண்டவர்கள் எந்த உலக நிறுவனத்தாரும் அல்லர். உகியா, டெக்னாஃப் பகுதிகளின் ஏழை விவசாயிகளும் மீனவர்களும் தம் வீட்டுச் சோற்றையும் முற்றத்தையும் பகிர்ந்தளித்தனர். மதீனத்து அன்ஸாரிகளைப் பற்றி மேடைகளில் பேசும் நாம், இந்த உகியாவாசிகளைப் பற்றிப் பேசுவது குறைவே. பிறகு உலக அமைப்புகள் வந்தன. அக்டோபரில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் காலரா தடுப்பு மருந்துகள் கொண்டுவரப்பட்டு வாய்வழியே புகட்டப்பட்டன. சேறும் மலமும் கலந்து ஓடிய அந்த மலைச்சரிவுகளில் பெருங்காலரா பரவாமல் போனது சாதாரணச் செய்தியன்று. விறகுக்காகக் காடு மொட்டையடிக்கப்பட்டபோது, 2018 முதல் வீட்டுக்கு வீடு சமையல் எரிவாயு கொடுத்து அந்த அழிவையும் தடுத்தார்கள். அதனால் விறகு தேடிக் காட்டுக்குள் சென்ற பெண்களும் சிறுவர்களும் அடைந்த ஆபத்து குறைந்தது. உயிர்காக்கும் பணியில் இந்த உதவி பெருமளவு வென்றிருக்கிறது என்பதை மறுப்பவர் நியாயவான் ஆகார்.

ஆனால் ரோஹிங்யா மக்களின் அகதி வாழ்வு 2017இல் தொடங்கவில்லை. உதவியின் வரலாறும் அப்போது தொடங்கவில்லை. 1978இல் 'நாகமின்' என்னும் பெயரில் பர்மிய அரசு நடத்திய குடியுரிமைச் சோதனையின்போது ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் பங்களாதேஷுக்கு ஓடிவந்தனர். அன்று காக்ஸ் பஜாரில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கிளை அலுவலகத்துக்குப் பொறுப்பாளராக இருந்த ஆலன் லிண்ட்குவிஸ்ட் என்பவர் 1979இல் எழுதிய அறிக்கையை, இத்துறையில் அக்கறையுள்ள ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். கிடங்குகளில் தானியம் இருந்தது. இருந்தும் முகாம்களில் ஊட்டக்குறைவால் மக்கள் மடிந்தார்கள். சில மாதங்களுக்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். பங்கீட்டு அளவை உயர்த்தினால் அகதிகள் வசதி கண்டு திரும்பிப் போக மறுத்துவிடுவார்கள் என்ற எண்ணம் அதிகாரிகளிடம் இருந்ததையும், அதை உலக அமைப்புகளின் பிரதிநிதிகள் உரியவாறு எதிர்க்காமல் இருந்துவிட்டதையும் அவர் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். சாவு கூடக்கூடத் திரும்பிச் செல்வோர் தொகையும் கூடியது. அடுத்த ஆண்டுக்குள் பெரும்பாலோர் திரும்பிவிட்டனர். பதிவேடுகளில் அது வெற்றிகரமான நாடு திரும்பல்.

இந்த நிகழ்ச்சியில் நாம் நின்று நிதானித்தாக வேண்டும். உணவு என்பது அங்கே பசிக்கு மருந்தாக மட்டும் இருக்கவில்லை. அகதியின் காலை ஒரு திசையில் தள்ளும் கோலாகவும் இருந்தது. கோலைப் பிடித்திருந்த கை அரசினுடையது. அந்தக் கைக்குத் தானியம் கொடுத்தது உலகம்.

1982இல் பர்மா இயற்றிய குடியுரிமைச் சட்டம் அரக்கான் முஸ்லிம்களை நாட்டின் இனங்களுடைய பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1991–92இல் இரண்டரை லட்சம் பேர் மீண்டும் ஓடிவந்தனர். இம்முறை 1993இல் அகதிகள் ஆணையமே உடன்படிக்கை செய்துகொண்டு நாடு திரும்பலை மேற்பார்வையிட்டது. 1997க்குள் ஏறத்தாழ 2,30,000 பேர் அனுப்பப்பட்டனர். விருப்பத்தின் பேரிலான திரும்பல் என்றே அதற்குப் பெயர். ஆனால் மறுப்பதற்குத் தமக்கு உரிமை உண்டு என்பதையே அகதிகளில் பெரும்பான்மையோர் அறிந்திருக்கவில்லை என்று, 1995இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு முகாம்களில் நடத்திய விசாரணை காட்டியது. ஒப்பந்தத்தில் 'ரிளா', அதாவது மனமொப்பிய இசைவு, இல்லையேல் ஒப்பந்தமே இல்லை என்று முதலாமாண்டு மாணவரும் சொல்வார். அனுப்பப்படாமல் குதுபாலங்கிலும் நயாபாராவிலும் எஞ்சிய சில ஆயிரம் குடும்பங்கள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. முகாமில் பிறந்தவர்கள் முகாமில் மணந்து, முகாமில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள்.

இப்போது அண்மைக் காலத்துக்கு வருவோம். ஓர் ஆளுக்கு ஒரு மாதத்துக்கு 12 டாலர் என்பது உலக உணவுத் திட்டம் வழங்கிவந்த உணவுச்சீட்டின் மதிப்பு. 2023 மார்ச்சில் அது 10 டாலர் ஆயிற்று. ஜூனில் 8 டாலர். அதாவது நாளொன்றுக்கு 27 சென்ட். உக்ரைன் போர், உலகளாவிய நிதி நெருக்கடி எனக் காரணங்கள் கூறப்பட்டன. காரணங்கள் பொய்யல்ல. ஆனால் அவ்வாண்டின் இறுதிக்குள் முகாம் குழந்தைகளிடையே கடும் ஊட்டக்குறைவு, அவசரநிலை என வரையறுக்கப்பட்ட 15 விழுக்காட்டைத் தாண்டிற்று. 2024இல் படிப்படியாக அளவு மீண்டும் உயர்த்தப்பட்டது. 2025 மார்ச்சில், ஏப்ரல் முதல் 6 டாலராகக் குறைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அது ரமளான் மாதம். ஐ.நா. பொதுச்செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸ் மார்ச் 14 அன்று முகாமுக்கு வந்து, பங்களாதேஷ் இடைக்கால அரசின் தலைவர் முஹம்மத் யூனுஸுடன் அகதிகள் நடுவே அமர்ந்து நோன்பு திறந்தார். அம்மாத இறுதியில் குறைப்பு கைவிடப்பட்டு 12 டாலர் என்றே அறிவிக்கப்பட்டது. மகிழ வேண்டிய செய்திதான். ஆயினும் ஒரு தாய், அடுத்த மாதம் தன் பிள்ளைகளுக்கு எத்தனை நாள் சோறு என்பதைப் பிறிதொரு கண்டத்தின் அமைச்சரவைக் கூட்டத்தின் முடிவிலிருந்து அறிய வேண்டியிருக்கிறது. எட்டாண்டுகளாகியும் அவள் நிலை இதுதான் என்றால், போதுமான அளவு என்ற அந்த மஸ்அலாவில் உதவி எந்த இடத்தில் நிற்கிறது?

அதே 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தது. முந்தைய ஆண்டு இம்மக்களுக்காக வந்த தொகையில் பாதிக்கும் மேல் அந்த ஒரு நாட்டினுடையது. ஒரே தூணின்மேல் கூரை வேய்ந்தவர்கள் தூண் சாய்ந்தபின்தான் கட்டட முறையைப் பற்றி யோசித்தார்கள். ஜூன் மாதத்தில் யூனிசெஃப் நடத்திய கற்றல் மையங்களில் மழலையர் வகுப்புகளும் ஆரம்ப வகுப்புகளும் நிறுத்தப்பட்டன. உள்ளூர் பங்களாதேஷ் ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். இரண்டு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் படிப்பு தடைப்பட்டது.

கல்வியைப் பற்றி ஆசிரியர் என்ற முறையில் சற்றுக் கூடுதலாகவே கூற விரும்புகிறோம். ஏனெனில் நம் கணிப்பில் இந்த உதவியின் பெருங்குறை அங்கேதான் உள்ளது. வங்க மொழி கற்பித்தால் குழந்தைகள் அங்கேயே வேரூன்றிவிடுவார்கள் என்பதால், பங்களாதேஷின் பாடத்திட்டம் முகாம்களில் அனுமதிக்கப்படவில்லை. மியான்மர் பாடத்திட்டம் 2021இன் இறுதியில்தான் சோதனை முறையில் நுழைந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் குழந்தைகள் படித்தது எந்த நாட்டின் சான்றிதழுக்கும் உரியதல்லாத ஒரு படிப்பு. பத்து வயதில் வந்த பிள்ளை பதினான்கு வயதாகியும் எந்த வகுப்பிலும் தேர்ச்சி பெற்றவனாக இல்லை. இக்குறையைக் கண்டு அகதிகளே தம் செலவில் பள்ளிகள் தொடங்கினார்கள். கொலைசெய்யப்பட்ட தலைவர் முஹிப்புல்லாஹ் அவர்களின் முயற்சியில் எழுந்த பள்ளியும் அவற்றில் ஒன்று. 2021 டிசம்பரில் அனுமதியற்றவை எனக் கூறி அத்தகைய பள்ளிகளை மூட அரசு ஆணையிட்டது. வெளியிலிருந்து வரும் உதவி போதவில்லை என்று தானே கையூன்றி எழ முயன்றவனின் கையைத் தட்டிவிட்டால், அவன் உதவியையே நம்பியிருக்கிறான் என்று பின்னர் யாரைக் குறைகூறுவது? இத்தனைக்கும் நடுவே குடிசைப் பள்ளிவாசல்களின் மக்தபுகள் மட்டும், பெரும்பாலும் அச்சமூகத்தின் சொந்த ஏற்பாட்டில் தொடர்ந்தன. அவற்றைக் கல்வியின் பகுதியாக எண்ணவும், அங்கே எழுத்தும் கணக்கும் சேர்த்துக் கற்பிக்க வழிசெய்யவும் உலக அமைப்புகளுக்கும் தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை.

தொழிலின் கதையும் இதுவே. முகாமுக்கு வெளியே உழைத்துப் பிழைக்க அகதிக்குச் சட்டம் இடந்தரவில்லை. உள்ளே நிறுவனங்களுக்காகச் செங்கல் சுமந்தாலும், நோயாளியைத் தூக்கினாலும், பாடம் நடத்தினாலும் அவர் 'தன்னார்வலர்'. அவருக்குக் கொடுக்கப்படுவது கூலியன்று, 'ஊக்கத்தொகை'. சொற்களைக் கவனியுங்கள். அரசின் ஆவணங்களில் அவர் அகதியும் அல்லர், ரோஹிங்யாவும் அல்லர். 'வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்ட மியான்மர் நாட்டவர்' என்பதே அவருக்கு வழங்கப்பட்ட பெயர். மியான்மரோ அவரைத் தன் நாட்டவர் என்று ஏற்கவில்லை. எந்த நாட்டவர் இல்லை என்பதால் அவர் துரத்தப்பட்டாரோ, அந்நாட்டவர் என்ற பெயரிலேயே அவருக்கு அட்டை தரப்பட்டிருக்கிறது. அவ்வட்டைக்காக 2018 முதல் கைரேகையும் கண்பாவையும் எடுக்கப்பட்டன. அவ்விவரங்கள் பங்களாதேஷ் வழியாக மியான்மர் அரசுக்கே அனுப்பப்பட்டதையும், உணவுக்கான பதிவு என்று எண்ணியே பலர் விவரம் கொடுத்ததையும் 2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளிக்கொணர்ந்தது. இசைவு கேட்டே செய்தோம் என்பது அகதிகள் ஆணையத்தின் மறுமொழி. வரிசையில் பசியோடு நிற்பவரிடம் கேட்கப்படும் இசைவின் மதிப்பு என்ன என்பதுதான் நம் கேள்வி. அமானிதமாகப் பெற்ற பொருளை, உடையவரின் பகைவர் கையில் சேர்ப்பதற்கு ஃபிக்ஹில் என்ன பெயர் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

நீடித்த கட்டடம் எதுவும் எழும்பக் கூடாது என்ற விதியால் மூங்கிலும் தார்ப்பாயுமே வீடு. 2021 மார்ச் 22 அன்று மூண்ட தீயில் பதினைந்து பேர் மாண்டனர். ஏறத்தாழ 45,000 பேர் குடிசையிழந்தனர். சுற்றிலும் போடப்பட்டிருந்த முள்வேலி ஓடித் தப்புவோரைத் தடுத்தது. எரிந்த இடத்தில் மீண்டும் மூங்கிலும் தார்ப்பாயும் கொடுக்கப்பட்டன. கேட்டால், அவசரகால உதவி என்பார்கள். ஒன்பதாவது ஆண்டிலும் அவசரகாலமா?

பழி முழுவதையும் பங்களாதேஷின் தலையில் சுமத்துவது நம் நோக்கமன்று. தன் மக்களுக்கே இடம் நெருக்கடியான நாடு அது. செல்வச் செழிப்புள்ள நாடுகள் கடலில் தத்தளிக்கும் படகுகளைத் திருப்பியனுப்பும் காலத்தில் பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது இடமளித்திருக்கிறது. குற்றத்தின் வேர் மியான்மரில் இருக்கிறது. அங்கேயும் உதவி அமைப்புகள் இருந்தன என்பதை மறக்கலாகாது. 2012 கலவரத்துக்குப் பின் சித்வே அருகே முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களுக்கு அவை உணவளித்தன. அடைத்தவனோடு முரண்படாமல் உணவளிப்பதா, முரண்பட்டு வெளியேற்றப்படுவதா என்று தமக்குள் மோதிக்கொண்டன. ஐ.நா. சார்பில் கெர்ட் ரோசென்தால் 2019இல் அளித்த ஆய்வறிக்கை, அங்கே நேர்ந்தது அமைப்பு முழுவதன் தோல்வி என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதோடு சரி, பதவியிழந்தவர் எவரும் இல்லை. 2024இல் ராக்கைனில் இராணுவத்துக்கும் அரக்கான் படைக்கும் இடையே நடந்த போரில் ரோஹிங்யாக்கள் இருபுறமும் நசுங்கியபோது, உள்ளே செல்லும் உதவியின் வழி ஏறக்குறைய அடைபட்டிருந்தது. ஒன்றரை ஆண்டுக்குள் மேலும் ஒன்றரை லட்சம் பேர் எல்லை தாண்டினர். 2025 செப்டம்பர் 30 அன்று நியூயார்க்கில் கூடிய உயர்மட்ட மாநாட்டில் அமெரிக்கா ஆறு கோடி டாலர் அறிவித்தது. அவ்வாண்டுக்கான கூட்டுத் திட்டம் கேட்டிருந்ததோ 93 கோடிக்கும் மேல்.

முஸ்லிம் நாடுகள் என்ன செய்தன என்ற வினா எழாமல் இராது. கூட்டுத் திட்டத்தின் கொடையாளர் வரிசையில் அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், ஆஸ்திரேலியா என்று முன்னே நின்றவர்களைப் பார்க்கும்போது நமக்குத் தலை தாழ்கிறது. நம்மவர் கொடுக்கவில்லை என்பதல்ல. தனித்தனியே, பருவத்துக்கு வரும் மழைபோலக் கொடுத்தார்கள். ரமளானில் உணவுப் பை, ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி இறைச்சி, குளிருக்குக் கம்பளி. கொடுத்தவரின் பெயர் பொறித்த பதாகைக்கு முன் வாங்குபவரை நிறுத்திப் படம் எடுப்பதும் உண்டு. தானத்தைச் சொல்லிக்காட்டுவது அதன் நன்மையை அழித்துவிடும் என்ற அல்பகரா அத்தியாயத்தின் எச்சரிக்கையை, கேமரா வந்தபின் நாம் புதிதாக ஓத வேண்டியிருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு. அகதிகள் ஆணையம் 2019இல் தொடங்கிய ஸகாத் நிதிக்குக் கத்தரின் ஷேக் தானி பின் அப்துல்லாஹ் அல்தானி போன்றோர் பெருந்தொகை அளித்தனர். ஸகாத்திலிருந்து நிர்வாகச் செலவு எதுவும் பிடிக்கப்படாது என்று ஆணையம் உறுதியளித்திருக்கிறது. ஆமிலுக்குரிய கூலி எட்டில் ஒன்றைத் தாண்டலாமா என்று விவாதித்த மத்ஹபைச் சேர்ந்த நமக்கு இது ஆறுதல். எனினும் பொது நன்கொடைகள், அரசிலிருந்து ஐ.நா. அமைப்புக்கும், அங்கிருந்து பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்துக்கும், பின்னர் உள்ளூர் நிறுவனத்துக்கும் இறங்குகையில் ஒவ்வொரு படியிலும் ஒரு கழிவு. உள்ளூர் அமைப்புகளுக்கே நேரடியாகக் கால்பங்கு கொடுப்போம் என்று 2016இல் உலகக் கொடையாளர்கள் அளித்த வாக்கு, தவணை கேட்ட 2020 கடந்தும் நிறைவேறவில்லை.

ஆகவே நம் மாணவருக்கான பதில் இது: உயிரைக் காத்த வகையில் சேரும், தேவையிலிருந்து விடுவித்த வகையில் சேராது. அதற்காகக் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று சொல்பவர் 1978இன் கிடங்குக் காவலரின் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுவார். உணவோடு சேர்த்துச் சான்றிதழும் கருவியும் உழைக்கும் அனுமதியும் வேண்டும் என்று, கொடுப்பவர்கள் கொடுக்கும் மேசையிலேயே கேட்க வேண்டும். தொகையைப் பற்றி வாதாடும் தூதர்கள் அந்த மேசையில் இதுவரை இதைக் கேட்டது மிகக் குறைவு.

இதை எழுதத் தொடங்கும் முன், சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்தில் 2012 முதல் தங்கியிருக்கும் ரோஹிங்யா குடும்பங்களை, கேள்வி கேட்ட மாணவரோடு சென்று பார்த்துவந்தோம். புயல் பாதுகாப்புக்காகக் கட்டப்பட்ட கட்டடம், இடம் குறுகல், உலகின் கோடிகள் அங்கே வருவதில்லை. இந்தியாவும் பங்களாதேஷைப் போலவே 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு என்பதால் நாளைய நிலை அவர்களுக்கு உறுதியில்லை. ஆனால் பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளிக்குச் சென்று தமிழில் படிக்கிறார்கள். ஆண்கள் பழைய பொருள் சேகரித்து விற்கிறார்கள். எங்கள் ஜமாஅத்தின் ஸகாத் தொகையில் அரிசி மூட்டைகள் வாங்கிச் சென்றிருந்தோம். நடுத்தர வயதுடைய ஒருவர் ஸலாம் கூறி, தயங்கி, அரிசி போதும் ஹஜ்ரத், ஒரு தராசு கிடைக்குமா என்று கேட்டார். கடைக்காரர் எடை போட்டுச் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியிருக்கிறதாம். சொந்தத் தராசு இருந்தால் தாமே பிறரிடமிருந்து வாங்கி விற்கலாமாம்.

மறுவாரம் வாங்கிக் கொடுத்தோம். பொருளாளர் கணக்கேட்டைத் திறந்து, இதை எந்தத் தலைப்பில் எழுதுவது, ஸகாத்தில் தராசு சேருமா என்று கேட்டார். 'ஃபுகரா' என்ற தலைப்பிலேயே எழுதும்படி கூறினோம். மாணவர் மின்ஹாஜைத் திறந்து அவருக்கு இடத்தைக் காட்டினார்.